பேசாத பீன் பேச வைத்தார்!

நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது என்று யார் சொன்னார்கள்? குக்கர், மிக்ஸி, ஸ்விட்ச், ரேஷன் கார்டு என்று காலையிலிருந்து இரவு வரை நம் வாயில் புரள்வதெல்லாம் என்னவாம்? பொருள்களின் பெயருக்குப் பஞ்சமே இல்லை. நறுக்கு, தடவு, நசுக்கு என்று வேலையைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒருநாள், "அம்மா, மீட்டிங்குக்கு நீ வேண்டாம், அப்பா வரட்டும். மிஸ் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க" என்றாள். குழந்தை கபடமில்லாமல்தான் சொன்னாள். ஆனாலும் அன்றிரவு எனக்குச் சாதம் இறங்கவில்லை.

புத்தகம் வாங்கினேன், பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. கைகொடுத்தவை செல்போனில் வரும் சிரிப்புக் காட்சிகள்தான். முதலில் பார்த்தது, 1977-ல் பிரிட்டனில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. வெளிநாட்டவர்கள் லண்டனில் மாலை வகுப்புக்கு வந்து இங்கிலீஷ் படிக்கும் கதை. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் தப்பும் தவறுமாகப் பேசுகிறவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு! பேசவே பயப்படுகிறவளுக்கு அது மருந்தாகுமா? ஓரமாக வைத்துவிட்டேன்.

அப்புறம் வந்தார் மிஸ்டர் பீன். ரோவன் அட்கின்சன் நடித்து 1990-ல் ஆரம்பமான தொடர். "அவர்தான் அதிகம் வாயே திறப்பதில்லையே, என்ன கற்றுக்கொள்வது?" என்கிறீர்களா? அதுதான் விசேஷம்! அவர் பேசாததால் நாம்தானே பேச வேண்டும்?

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவர் சாண்ட்விச் செய்யும் காட்சியைப் பாருங்கள். ரொட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்: கட். கார்டால் வெண்ணெய் தடவுவார்: ஸ்ப்ரெட். லெட்டூஸ் இலையை அலசுவார்: வாஷ். காலுறையைக் கழற்றி, இலையை அதில் போட்டுச் சுழற்றி ஈரம் போக்குவார்: ட்ரை. மிளகைக் கைக்குட்டையில் வைத்து ஷூவால் நசுக்குவார்: க்ரஷ். கடைசியில் ஒரே தும்மல்: ஸ்னீஸ்! எல்லாம் போச்சு. பக்கத்தில் இருப்பவர் பாவம் பார்த்துத் தன் சாண்ட்விச்சில் பங்கு கொடுப்பார்: ஷேர். அத்தனையும் நம் அடுக்களைச் சொற்கள்!

நானும் மகளும் ஒரு காட்சியை மூன்று தடவை பார்ப்போம். முதல் தடவை சிரிக்க மட்டும். அடுத்த தடவை, ஒவ்வொரு செய்கையிலும் படத்தை நிறுத்தி, சொல்லை வாய்விட்டுச் சொல்வோம். தெரியாவிட்டால் இருவருமாக அகராதியைப் புரட்டுவோம். மூன்றாம் தடவை முழு வாக்கியம்: 'ஹி இஸ் கட்டிங் த பிரெட்.' மறுநாள் சமைக்கும்போது அதே சொற்களைப் புழங்குவோம். நாளைக்கு ஐந்து சொல் போதும். ஏட்டில் படித்த சொல் மறந்து போகலாம். காலுறையில் சுழன்ற இலை மறக்குமா?

அடுத்த மீட்டிங்குக்கு நானே போனேன். டிபனில் வைக்கும் பழத்தை மகள் அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறாள் என்று மிஸ் குறைப்பட்டுக்கொண்டார். "ஐ வில் கட் இட் ஸ்மால்" என்றேன். மிஸ் சிரித்துத் தலையாட்டினார். மகள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் தோசைக் கல்லில் மாவை ஊற்றிவிட்டு, "ஸ்ப்ரெட், ஸ்ப்ரெட்!" என்கிறவர் யார் தெரியுமா? எழுபது வயதாகும் என் மாமியார்! உங்கள் வீட்டிலும் சிரித்துப் பாருங்களேன், சகோதரிகளே!