ஜாக்கி வாங்கிய கதை

புடவைக் கடைக்குப் போனால் கடைக்காரர் மலைக்கும்படி நூறு புடவைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பேன். அடியைத் தட்டிப் பார்க்காமல் ஒரு கிண்ணம்கூட வாங்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான், மோட்டார் காருக்கு ஜாக்கி பொறுக்கப் போவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எல்லாம் என் தம்பியின் கைங்கரியம்!

அவனுக்குக் கார் என்றால் தரையைத் தடவிக்கொண்டு போக வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்குகளை மாற்றி, ஆறு சென்டிமீட்டர் இறக்கிவிட்டான். "பந்தயக் கார் மாதிரி இல்லை, அக்கா?" என்று பெருமை வேறு. அம்மா அதில் ஏறுவதைப் பார்த்தால், பல்லாங்குழி ஆட உட்காருகிற மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

சென்ற தை மாதம் விருத்தாசலத்தில் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, நல்லூரில் சித்தியையும் பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். விருத்தாசலமோ பீங்கானுக்குப் பேர்போன ஊர். சும்மா வருவோமா? பொம்மைகள், அகல் விளக்குகள், ஊறுகாய் ஜாடிகள் என்று டிக்கி நிறைந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நல்லூரை நெருங்கும்போது 'புஸ்' என்றொரு சத்தம். பின் சக்கரம் பஞ்சர்!

காரோடு வந்த ஜாக்கியைத் தம்பி எடுத்தான். அது வண்டிக்கு அடியில் நுழைய மறுத்தது. சாலையோரம் கிடந்த கட்டையால் நெம்பி, ஒரு செங்கல்லைச் சொருகி, ஜாக்கியைத் தள்ளுவதற்காகக் கையை உள்ளே விட்டான். செங்கல் பொலபொலவென்று நொறுங்கியது. வண்டி 'தொப்'பென்று இறங்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ள அரை விநாடி தாமதித்திருந்தால்...!

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் விரல்களை எண்ணுகிறவள் போல ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வழியாக வந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "சக்கரத்தை ஒரு பலகை மேலே ஏத்தியிருந்தா ஜாக்கி தானா நுழைஞ்சிருக்குமே, தம்பி!" என்றார். எங்களை இறங்கச் சொல்லி, சாமான்களையும் இறக்க வைத்து, இரண்டு அங்குலப் பலகை மேல் சக்கரத்தை ஏற்றினார். ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல்லை அண்டை கொடுத்தார். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஊர் திரும்பியதும் நான் தையல் டேப்பும் கையுமாகக் கீழே உட்கார்ந்தேன். ஜாக்கி வைக்கிற இடத்தில் தரைக்கும் வண்டிக்கும் இடையே 13 சென்டிமீட்டர். காற்று இறங்கினால் எட்டுதான். வண்டியோடு வந்த ஜாக்கியோ முழுக்க மடித்தாலும் பத்து. எப்படி நுழையும்?

கடையில் சக்கரம் வைத்த டிராலி ஜாக்கிகளைக் காட்டினார்கள். அது வேலை செய்கிற விதம் சுலபம்தான். சிறிய பிஸ்டனை அழுத்தினால் எண்ணெய் வழியாக அந்த அழுத்தம் பெரிய பிஸ்டனுக்குப் போய்ப் பல மடங்கு பளுவைத் தூக்குகிறது. பாஸ்கல் சொன்ன தத்துவம். அதைக் கொண்டு ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-ல் அழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

"ரெண்டு டன் தூக்கும், அம்மா!" என்றார் கடைக்காரர். சிறிய காரின் எடையே சுமார் ஒரு டன்தான். ஆகவே அது தாராளம். நான் கேட்டது வேறு: "முழுக்க இறக்கினால் எவ்வளவு உயரம்?" சாதாரண ஜாக்கி 13, 14 சென்டிமீட்டர். தாழ்ந்த கார்களுக்கென்றே செய்ததில் ஏழரை. தலை மட்டும் தாழ்ந்தால் போதாது. அதன் பின்னால் உள்ள உடம்பும் வண்டிக்கு அடியில் போகிற வரைக்கும் தாழ்வாக இருக்க வேண்டும். புதுச் சக்கரத்தை மாட்டும் அளவுக்கு மேலே ஏறவும் வேண்டும். தூக்கும்போது அது கொஞ்சம் நகரும் என்பதால் கெட்டியான சமதரை அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. அதற்கென்று இரும்பு ஸ்டாண்டுகள் உண்டு, அவற்றையும் வாங்கினேன்.

இத்தனை ஆராய்ச்சியையும் வீட்டில் விஸ்தாரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிதானமாகச் சொன்னாள்: "வண்டிக்குத் தக்க ஜாக்கி தேடினது சரி. வண்டியைப் பழையபடி ஏத்திட்டா என்ன?"

நானும் என் பங்குக்கு ஒரு வார்த்தை சொன்னேன். தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியிருக்கிறது. தம்பி பதில் சொல்லாமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் பரணிலிருந்து பழைய ஸ்பிரிங்குகள் இறங்கின, கார் ஏறியது. அம்மா இப்போது கஷ்டமில்லாமல் ஏறி உட்காருகிறாள். டிக்கியில் ஒரு பலகை நிரந்தரமாகப் பிரயாணம் செய்கிறது. ஜாக்கியும் வீண் போகவில்லை. சக்கரம் கழற்ற வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஸ்டாண்டுகளையும் சேர்த்து எடுத்துப் போகாவிட்டால் நான் கொடுப்பதில்லை!