ஜித்தாவின் வெண்கூடாரங்கள்

மக்காவுக்கென்று தனி விமான நிலையம் இல்லை. ஆகவே இறையில்லம் நாடி வான்வழியே புறப்படுவோரில் பெரும்பாலோர் ஜித்தாவில்தான் இறங்குகின்றனர். நம் முன்னோர் பம்பாயில் கப்பலேறி, பல நாட்கள் கடலில் கழித்துக் கரையிறங்கிய ஊரும் அதுவே. அந்தக் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கப்பலில் சென்றவர்களுக்குப் பயணத்தின் சட்டங்களைக் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாகவும் நாட்கள் இருந்தன. இன்றோ சென்னையில் ஏறியவர் சில மணி நேரத்தில் ஜித்தாவில் நிற்கிறார்.

இந்த விரைவில் முதலில் தவறிப்போவது இஹ்ராம். மீக்காத் எல்லையை விமானம் வானிலேயே கடந்துவிடுகிறது. ஜித்தாவில் இறங்கிய பின் உடுத்திக்கொள்ளலாம் என்று எண்ணி, இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து எடை போட்டு அனுப்பிவிடுவோர் உண்டு. எல்லை நெருங்குகிறது என்ற அறிவிப்பு வரும் நேரத்தில் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கும், என்ன செய்வது? இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தவர் மீண்டும் மீக்காத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது பரிகாரமாக ஆடு பலியிட வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எனவே துணி கைப்பையில் இருக்கட்டும். வீட்டிலோ புறப்படும் விமான நிலையத்திலோ உடுத்திக்கொண்டு, நிய்யத்தை மட்டும் எல்லை நெருங்கும்போது வைத்துக்கொள்வது முதியவர்களுக்கு மிக எளிது. விமானத்தின் சிறு கழிவறையில் உடை மாற்றும் துன்பமும் இல்லை. முதலில் மதீனா செல்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கிருந்து மக்கா வரும் வழியில் துல்ஹுலைஃபா இருக்கிறது.

நகருக்கு வடக்கே அமைந்த மன்னர் அப்துல் அஜீஸ் பன்னாட்டு விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. அதன் ஹஜ் முனையத்தைக் காணும் எவரும் ஒரு கணம் மேலே நோக்காமல் இரார். 210 வெண்கூடாரங்கள்! ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீட்டர். கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணியை எஃகுத் தூண்களிலிருந்து கம்பி வடங்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெண்துணி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சூடேறிய காற்று உச்சியிலுள்ள வட்டத் திறப்பின் வழியே வெளியேறுகிறது. பக்கங்கள் திறந்தே இருப்பதால் குளிரூட்டும் இயந்திரம் இன்றியே கீழே நிழலும் காற்றும் கிடைக்கின்றன. திரும்பும் ஹாஜிகள் 36 மணி நேரம் வரைகூடக் காத்திருக்க நேரலாம் என்று கணக்கிட்டே இதனை வடிவமைத்தார்கள். இதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்தின் தலைசிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்துக்கும் அவரே பொறியாளர். 1982இல் இதே ஜித்தா நகரில்தான் அவர் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு இம்முனையத்துக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

உம்ராவுக்குச் செல்வோரில் பலர் இன்று புதிய முதலாம் முனையத்தில் இறங்குகிறார்கள். அழகிய கட்டடம், நடுவே பெரிய மீன் தொட்டியும் உண்டு. ஆனால் நடக்க வேண்டிய தொலைவு மிக அதிகம். மூட்டுவலி உள்ள தாய்மார்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று பயணச்சீட்டு வாங்கும்போதே பதிந்துவிடுவது நலம். குடியேற்றப் பிரிவில் கைரேகை எடுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் எளிதில் பதியாது. இதற்காகப் பதறவேண்டாம், விரலைத் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொல்வார்கள்.

இம்முனையத்தை ஒட்டியே 2018இல் தொடங்கிய ஹரமைன் விரைவு ரயிலின் நிலையம் உள்ளது. மக்காவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மறுபக்கம் மதீனாவுக்கும் இதே ரயில் செல்கிறது. பெட்டிகள் மிகுந்த குடும்பத்துக்கு மட்டும் வாடகைக் கார் வசதி. அதிலும் வாசலில் வந்து கையைப் பிடித்து அழைப்பவரோடு போகாமல், உரிமம் பெற்ற வாகனத்தில் கட்டணத்தைக் கேட்டறிந்தே ஏறவேண்டும்.

திரும்பும் நாளில் எந்த முனையம் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து, ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். முனையங்கள் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல. பெட்டிகளோடு நடந்து மாற இயலாது. ஜம்ஜம் நீரைப் பெட்டிக்குள் துணிகளுக்கிடையே மறைத்து வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் கலனாக வாங்கித் தனியே ஒப்படைத்தால், ஊரில் பெட்டிகளோடு அதுவும் வந்து சேரும்.