திரும்பி வந்தவர்கள்

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்லும் சின்ன கிறிஸ்தவ ஆலயம் ஒன்று இருக்கிறது. 1785இல் பிரதிஷ்டை ஆனது. அதைக் கட்ட முன்னின்றவர் குளோரிந்தா அம்மாள். மராத்தியப் பிராமணக் குடும்பத்துப் பெண், சிறுவயதிலேயே விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். உடன்கட்டை ஏற இருந்தவரை அந்த அதிகாரிதான் காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கிறிஸ்துவைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த அதிகாரிதான்.

குளோரிந்தா தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்கிறவளுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவருடைய நியாயம். அந்த ஐயரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் மனச்சாட்சிக்கு உண்மையாக இருந்த மனிதர் அவர். என் மனம் நிற்பது அந்தப் பெண்ணிடம்தான். பிறந்த வீடும் ஜாதியும் அவரைக் கைவிட்டாயிற்று. நம்பி வந்த இடத்திலும் கதவு சாத்திவிட்டது. 'இதுவும் வேண்டாம்' என்று அவர் போயிருந்தால் யார் தப்புச் சொல்ல முடியும்? அவர் போகவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை ஞானஸ்நானம் கிடைத்தது. 1780இல் எழுதிய முதல் சபைப் பதிவேட்டில் 40 பேர். பிறகு சுவார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன் வந்து சபையை வளர்த்தார். 1790இல் குருப்பட்டமும் பெற்றார். இன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஊர் தெரியும் கோபுரங்களுக்கெல்லாம் முன்னால், தகுதியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் இருக்கிறார்.

எங்கள் சபையில் தகுதியில்லை என்று தன்னைத்தானே திருப்பி அனுப்பிக்கொள்ளும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அசனப் பண்டிகை என்றால் முந்தின ராத்திரியே வந்துவிடுவார். கிடாரத்தை அடுப்பில் ஏற்றுவது, விறகைத் தள்ளுவது, குழம்பு அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, புகையில் கண் சிவந்து நிற்பார். பந்தி முடிந்து கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் தனக்கு இலை போடச் சொல்வார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் பந்தல் கால் ஊன்ற வருகிறவரும் அவரே. ஆனால் திருவிருந்து ஆராதனை அன்றைக்குப் பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு எடுத்ததும், பின்வரிசையிலிருந்து எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி, இருந்து திருவிருந்து எடுத்துட்டுப் போகலாம்லா?"

"நமக்கு அது சரிப்படாது தம்பி. கூடப் பிறந்தவன்கிட்ட முகம் பாத்துப் பேசியே ரொம்ப வருஷமாச்சு. அந்த மனசோட போயி முட்டங்கால் போட்டா ஆண்டவருக்கே அடுக்காது."

தம்பியோடு கிணற்றுப் பங்கில் வந்த தகராறு. அவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொல்லியிருக்கிறார். மாதா மாதம் கூசாமல் முன்வரிசையில் முழங்கால் போடுகிற பலரைவிட அண்ணாச்சி அந்த வசனத்துக்குப் பயந்து நடக்கிறார் என்றே சொல்வேன். ஆனால் அதில் பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். 'போ' என்ற இயேசு, அதற்கப்புறம் வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் சொன்னார். கோயிலுக்கு வெளியிலேயே நின்றுகொள் என்று சொல்லவில்லை.

முதல் திருவிருந்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். யூதாஸின் கை அந்தப் பந்தியில் இருந்தது. பேதுரு சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை மறுதலிக்கப் போகிறார். மற்றவர்கள் தோட்டத்திலிருந்து ஓடிவிடுவார்கள். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தவருக்கு இதெல்லாம் தெரியும். பேதுருவிடம் அன்று ராத்திரியே சொல்லவும் செய்தார். அப்படியும் கொடுத்தார். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நாளைக் காலையில் இவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள் என்று தெரிந்தே கொடுத்த விருந்து அது. நல்லவர்களாகி வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் எடுத்து வைக்கவில்லை.

பாவத்தைச் சின்னதாக்கிப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. சீஷத்துவம் விலை கேட்கும். அண்ணாச்சி என்றைக்காவது தம்பி வீட்டு வாசற்படி ஏறத்தான் வேண்டும். நான் சொல்வது எது முன்னால், எது பின்னால் என்பதைப் பற்றித்தான். லேவி ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் இயேசுவின் அழைப்பு வந்தது. கணக்கை நேராக்கிவிட்டு வா என்று அவருக்குச் சொல்லவில்லை.

விழுந்து திரும்பி வந்த பேதுருவைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டுவிட்டோம். மாற்குவைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் ஆசை. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவிலிருந்து முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது இந்த வாலிபனும் கூடப் போனான். சீப்புரு தீவைத் தாண்டி, பம்பிலியா நாட்டுப் பெர்கே ஊர் சேர்ந்ததும் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். காரணத்தை லூக்கா எழுதவில்லை. வீட்டு நினைப்போ, பயமோ, உடம்பு முடியாமலோ தெரியாது. அடுத்த பயணத்தில் பர்னபா அவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நடுவழியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி, அத்தனை நாள் சேர்ந்து உழைத்த இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பவுல் சீலாவோடு போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு, பழைய அதே சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார்.

பின்னாளில் காவலில் இருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, வரும்போது மாற்குவையும் அழைத்து வா, ஊழியத்துக்கு அவன் எனக்கு உதவுவான் என்கிறார். பேதுருவின் வாயால் கேட்டதை இந்த மாற்குதான் சுவிசேஷமாக எழுதினார் என்பது ஆதித்திருச்சபையின் மரபு. சீஷர்களின் புரியாமையையும் பயத்தையும் அந்தச் சுவிசேஷம் பூசி மெழுகாமல் சொல்கிறது.

பர்னபா என்ன பேசி அந்த வாலிபனைத் தேற்றினார் என்று வேதத்தில் இல்லை. கூட்டிக்கொண்டு போனார் என்று மட்டுமே இருக்கிறது. எங்கள் சபைகளில் நன்றாகப் பிரசங்கிக்கிறவர்களுக்குக் குறைவில்லை, பர்னபாக்கள்தான் குறைவு. அண்ணாச்சியிடம் 'ஒப்புரவாகுங்கள்' என்று சொல்லாத ஐயரும் இல்லை, கன்வென்ஷன் பிரசங்கியாரும் இல்லை. ஆனால் "வாங்க, நானும் வாரேன்" என்று அவரோடு யாரும் எழுந்து நடந்ததாகத் தெரியவில்லை. தம்பியின் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.