கையெழுத்திடும் முன்

பள்ளியிலிருந்து வரும் முன்னேற்ற அறிக்கையின் அடியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டின்மேல் கையெழுத்திட நமக்கு ஒரு நொடி போதும். ஆனால் அந்த நொடிக்கு முன்னர் நாம் பேசும் பேச்சு, பிள்ளையின் நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. இதை நாங்கள் நூலில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டில் பட்டு அறிந்தோம். நம் குடும்பங்களில் எத்தனையோ பெற்றோர் இதே நிலையில் இருக்கக்கூடும் என்பதால், வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதை இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2023 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 561 மதிப்பெண் பெற்றாள். அந்த ஞாயிறன்று திருப்பலி முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வருவதற்குள் எத்தனை பேர் கைகொடுத்தார்கள்! அந்தப் பெருமை தணிவதற்குள் அக்டோபர் மாதம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த இளையவன் காலாண்டுத் தேர்வு அறிக்கையை நீட்டினான். கணிதத்தில் 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும். எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு.

அன்று எங்களுள் ஒருவர் கைநீட்டினார். மற்றவர் தடுக்காமல் நின்றார். “உன் அக்காவும் இதே வீட்டில்தானே படித்தாள்? இதே சோற்றைத்தானே தின்றாள்?” என்று இருவருமே கேட்டோம். அறிக்கை தரையில் போய் விழுந்தது. குனிந்து எடுத்தவன் அவன்தான். இரண்டு நாள் எங்கள் பின்னாலேயே நடந்த பிறகு கையெழுத்திட்டுக் கொடுத்தோம். கண்டித்துவிட்டோம், இனித் திருந்துவான் என்று நம்பினோம்.

அந்த ஆண்டு நவம்பர் 19, பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு. தாலந்து உவமை நற்செய்தியாக வாசிக்கப்பட்டது. அன்று மாலை அந்த உவமையையே எடுத்து அவன்மேல் வீசினோம். “கொடுத்ததை மண்ணில் புதைத்தவனுக்கு என்ன நேர்ந்தது, கேட்டாயா?” என்றோம். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். பதில் ஒன்றும் சொல்லவில்லை. இறைவார்த்தையைக் கொண்டே கண்டித்தோம் என்ற மனநிறைவு எங்களுக்கு.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பொங்கல் விடுமுறையும் முடிந்தது. அறிக்கை வரவில்லை. இருமுறை கேட்டோம், “இன்னும் கொடுக்கவில்லை” என்றான். பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கிய வாரத்தில், வகுப்பாசிரியை எங்களை வரச்சொல்லி அனுப்பினார். ஆசிரியர் அறையில் மேசைமேல் அறிக்கையை வைத்து, “இது உங்கள் கையெழுத்துதானா?” என்று கேட்டார்.

எழுத்தின் வளைவும் இறுதியில் இழுத்துவிடும் வாலும் அப்படியே இருந்தன. ஆனால் அதை நாங்கள் இட்டதில்லை. சினம் தலைக்கேறியது. அதற்குள் ஆசிரியை விரலால் வேறோர் இடத்தைக் காட்டினார். கணிதத்திற்கு நேரே 44 என்று இருந்தது.

“கையெழுத்துக்கு உரிய கண்டிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். பதின்மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கிய பிள்ளை அதை ஏன் வீட்டில் காட்டவில்லை என்பதை நீங்கள் பாருங்கள்” என்றார் அவர்.

நாங்கள் இருவரும் பேசாமலே வீடு திரும்பினோம். தோல்வியை ஒளிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். எங்கள் பிள்ளை தன் முன்னேற்றத்தையே ஒளித்துவைத்திருந்தான். அன்றிரவு கேட்டபோது வெகுநேரம் அழுதான். பிறகு சொன்னான்: “அக்கா அளவுக்கு வந்த பிறகு காட்டலாம் என்று இருந்தேன் அம்மா.”

அந்தத் தவக்காலத்தில் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். நவம்பரில் எங்கள் செவியில் விழாதவை அப்போது கண்ணில் பட்டன. தலைவர் தம் பணியாளர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று கொடுத்தது அவரவர் திறமைக்கு ஏற்ப என்று நற்செய்தியாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் தலைவரிடம் பெற்ற பாராட்டில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஒரே சொற்கள், ஒரே மகிழ்ச்சி. இரண்டாமவனைப் பார்த்து, “அவன் பத்து கொண்டுவந்திருக்கிறானே, நீ ஏன் நான்கோடு வந்தாய்?” என்று அந்தத் தலைவர் கேட்கவில்லை. நாங்கள் கேட்டிருந்தோம்.

ஒரு தாலந்து என்பதும் சிறு தொகையன்று. அது ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம் என்றும், ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் கூலி என்றும் விவிலிய விளக்கங்கள் கூறுகின்றன. அப்படியானால் மிகக் குறைவாகப் பெற்றவன் கையிலும் ஓர் உழைப்பாளியின் பல்லாண்டுக் கூலி இருந்திருக்கிறது. இறைவன் எவரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

எங்களை உலுக்கியது மூன்றாமவனின் வாக்குமூலம்தான். அவன் ஏன் புதைத்தான்? தன் தலைவர் கடின உள்ளத்தினர் என்று எண்ணி அஞ்சியதால் புதைத்தான். உவமையில் அவன் தன் தலைவரைத் தவறாக அறிந்திருந்தான். எங்கள் மகனோ எங்களைச் சரியாகவே அறிந்திருந்தான். அவன் பையின் அடியில் புதைந்துகிடந்த அந்த அறிக்கைக்குக் குழி தோண்டியவர்கள் நாங்களே அல்லவா?

அவன் செய்தது தவறு என்பதை நாங்கள் மூடி மறைக்கவில்லை. பிறர் கையெழுத்தை இடுவது பொய் என்று எடுத்துச் சொன்னோம். ஆசிரியையிடம் அவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் அந்தப் பொய்யில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, நாங்களும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எளிதன்று. ஒப்புரவு அருட்சாதனத்திற்காக வரிசையில் நிற்கும்போது நமக்கு வெட்கம் உண்டு. ஆயினும் துரத்தப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால்தான் உண்மையைச் சொல்கிறோம். அப்படி உண்மை சொல்வதற்கு எங்கள் வீட்டில் எங்கள் மகனுக்கு ஓர் இடம் இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய கணித விடைத்தாளை மூவரும் சேர்ந்து பிரித்தோம். அறிக்கை ஓர் எண்ணை மட்டுமே சொல்லும். விடைத்தாள்தான் காரணத்தைச் சொல்லும். அதுவரை ஒருமுறைகூட நாங்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. வழிமுறைகள் பல இடங்களில் சரியாகவே இருந்தன. விடை மட்டும் தவறியிருந்தது. எங்கே தவறுகிறது என்று வரிவரியாகப் பார்த்தபோது, குறைக்குறி வரும் இடத்திலெல்லாம் இடறியிருந்தான். குறை மூன்றிலிருந்து குறை ஐந்தைக் கழிக்கச் சொன்னோம். விடை இரண்டு. அவன் குறை எட்டு என்று எழுதினான். இயற்கணிதம் முழுவதும் இந்தக் குறிகளின்மேல் நிற்பதல்லவா? அடிக்கல் ஆடினால் சுவர் எப்படி நிற்கும்?

ஏன் இது தெரியாமல் போயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது, விடை எங்களையே சுட்டியது. முழுக்களின் கூட்டலும் கழித்தலும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடங்கள். அவன் ஆறாம் வகுப்பில் இருந்தது 2020-21 ஆம் கல்வியாண்டில். கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக்கிடந்தன. தமிழகத்தில் அந்த வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு திறன்பேசி. மகள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு என்று அதை அவளிடம் கொடுத்தோம். இவனைக் கல்வித் தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்தோம். அவன் என்ன புரிந்துகொண்டான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். எவளைக் காட்டி இவனை இகழ்ந்தோமோ, அவளுக்காகவே இவனுடைய பாடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்!

அன்று மாலை முற்றத்தில் கோலமாவால் ஓர் எண்கோடு போட்டோம். நடுவில் பூச்சியம், வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் குறை பத்து. அதன்மேல் அவனை முன்னும் பின்னும் நடக்கச்செய்தோம். பதினைந்து வயதுப் பையனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த அக்காவும் சேர்ந்துகொண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரம் நாள்தோறும் அரைமணி நேரம் இது நடந்தது. ஆண்டுத் தேர்வில் அவன் 53 எடுத்தான். பெரிய சாதனை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அறிக்கை வந்த அன்றே எங்கள் கையில் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கூறுகிறது. நாமோ கற்பிப்பதைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, தீர்ப்பிடுவதை மட்டும் வைத்துக்கொள்கிறோம். தூய தொன் போஸ்கோ 1884இல் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய மடலில், இளையோரை அன்பு செய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவதை அவர்கள் அறியவும் வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். மகனை நாங்கள் அன்பு செய்யாமல் இல்லை. அது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆகவே, நாங்கள் பட்டுக் கற்ற சிலவற்றைப் பிற பெற்றோர்க்கும் சொல்ல விரும்புகிறோம். அறிக்கை கைக்கு வந்ததும், கூடிய பாடத்தை முதலில் பாருங்கள். குறைந்த பாடம் எங்கும் ஓடிவிடாது. ஒப்பிட வேண்டுமானால் பிள்ளையின் சென்ற தேர்வோடு ஒப்பிடுங்கள். உடன்பிறந்தவரோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் வேண்டாம். விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். படிக்காமல் விட்டதா, படித்தும் புரியாததா, புரிந்தும் நேரம் போதாததா என்று பிரித்தறியுங்கள். படிக்காமல் விட்டிருந்தால் கண்டிப்பு வேண்டியதே. புரியாததற்குக் கண்டிப்பு மருந்தாகாது. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமலே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. சினம் வந்தால் அன்று பேசாதீர்கள், மறுநாள் பேசுங்கள். ஆசிரியரைக் குறை சொல்வதற்காக அன்றி, வழி கேட்பதற்காகப் போய்ப் பாருங்கள்.

பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. நாம் கைவிட்டோமா? “எவ்வளவு?” என்று கேட்கும் உறவினரின் தொலைபேசி அழைப்புகள், பிள்ளை வாய் திறக்குமுன்பே வீட்டை நிறைத்துவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அந்நாள்களில் சில இளம் உயிர்கள் மாய்ந்துபோவதைச் செய்தித்தாளில் படித்துக் கண்ணீர் விடுகிறோம். தேர்ச்சி பெறாதவர்க்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வரும் முன்னரே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். மனம் உடைந்திருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 104 என்ற அரசு உதவி எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் ஆற்றுப்படுத்த ஆள் இருக்கிறார்கள். அழைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

2025 மே மாதம் எங்கள் மகனின் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. திறன்பேசியை அவன்தான் வைத்திருந்தான். பார்த்தான், சற்று நேரம் நின்றான், பிறகு நேரே எங்களிடம் வந்து, “கணக்கில் 58 அப்பா. இன்னும் கொஞ்சம் வரும் என்று நினைத்தேன்” என்றான். குரலில் ஏமாற்றம் இருந்தது, அச்சம் இல்லை. 58ஐ வைத்து ஊரில் யாரும் கைகொடுக்கவில்லை. அன்று மாலை நாங்கள் மூவருமாக ஆலயத்திற்குச் சென்று நன்றி சொன்னோம்.

அந்தப் பழைய ஒன்பதாம் வகுப்பு அறிக்கை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவன் இட்ட கையெழுத்தின் அருகே, ஆசிரியையின் இசைவோடு, எங்கள் கையெழுத்தையும் பின்னர் இட்டோம். ‘பார்த்தோம்’ என்பதற்கு மட்டும் அது அடையாளம் அன்று. ‘உன்னோடு இருக்கிறோம்’ என்பதற்கும்தான். அந்தச் சிறு கோட்டில் இனிக் கையெழுத்திடும் ஒவ்வொரு பெற்றோரும் இதை ஒரு நொடி எண்ணிப் பார்த்தால், எங்கள் மகன் அழுத அழுகை வீண்போகாது.