யார் முழங்கைக்கு?

வயலில் மேட்டுப்பாத்தி என்றால் அரை அடி உயரம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட, ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயர்த்திக் கட்டுவார்கள். மழைத் தண்ணீர் தேங்காது, நாற்று அழுகாது. அந்த உயரம் செடியின் சௌகரியத்துக்கு. களை எடுப்பவர் எவ்வளவு நேரம் குனிந்திருப்பார் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. களை எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மாடித்தோட்டத்தில்தான் இடுப்பும் முழங்காலும் கணக்கில் வருகின்றன. எங்கள் வீட்டில் தோட்டம் அம்மாவுடையது. மூட்டுவலிக்காரி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். பாத்தியை உயர்த்திவிடலாம் என்று முடிவானதும் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். ஸ்டாண்டுக்கு அளவெடுக்க வந்த வெல்டர் தன் இடுப்பைத் தொட்டு, "இவ்ளோ இருந்தா கரெக்டா இருக்கும்மா" என்றார். அவர் ஆறடி. அம்மா ஐந்தடிகூட இல்லை.

நின்று வேலை செய்ய வேண்டுமானால், மண்ணின் மேல்மட்டம் முழங்கைக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். ஐந்தடி ஆளுக்கு அது ஏறக்குறைய 30 அங்குலம். டேப்பைத் தேட வேண்டாம். எந்தச் சமையல் மேடையில் தோளைத் தூக்காமல் காய் நறுக்க முடிகிறதோ, அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் சரி. உட்கார்ந்து செய்ய நினைப்பவருக்கு நாற்காலி உயரம், சுமார் 18 அங்குலம். பாத்தியின் விளிம்பில் ஒரு பலகை போட்டு அதிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். ஹாலோ பிளாக் அடுக்கினால் நம் இஷ்டம் செல்லாது. 8, 16, 24 என்றுதான் ஏறும்.

பலரும் விடும் கணக்கு, செடியும் வளரும் என்பது. வெண்டை நான்கடி போகும். 30 அங்குல மேடையில் அதை வைத்தால் காய் தலைக்கு மேலே தொங்கும். குனிவதற்குப் பதில் அண்ணாந்து கழுத்து வலி வாங்கலாம். ஆக உயரமான மேடை கீரைக்கும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும். கத்தரி, வெண்டை முழங்காலுக்குக் கீழே. புடலையும் பாகலும் தரையிலிருந்தே பந்தல் ஏறட்டும்.

உயரம் என்றால் அவ்வளவுக்கும் மண் நிரப்புவது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டரில் ஓரடி ஆழத்துக்கு நனைந்த தோட்டமண் அரை டன் தேறும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் கட்டடத் தர விதி வைத்திருக்கும் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். கீரைக்கு அரை அடி ஆழம் தாராளம். அதையும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து லேசாக நிரப்பி, மீதி உயரத்தை இரும்புக் கால்களிடம் விட்டுவிட வேண்டும். அந்தக் கால்களும் சுவரோ பீமோ செல்லும் இடத்தில் நிற்பது நல்லது. பழைய வீடென்றால் முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதில் இன்னொரு வம்பு. 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்துக் கிலோவுக்கு மேல். தரைப் பாத்திக்கு அதைச் சாய்த்தால் போதும். மேடைக்கு மார்பு வரை தூக்க வேண்டும். தப்பித்த இடுப்புவலி தோளில் வந்து உட்காரும். போதாததற்கு, அடியிலும் காற்று புகும் மேடை சீக்கிரம் காயும். சித்திரை வெயிலில் இரண்டு வேளை கேட்கும். குழாயில் ஹோஸ் மாட்டாமல் உயர மேடை போடுவது வீண் என்பேன்.

அகலத்தையும் கைதான் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டிய மேடைக்கு எல்லாரும் இரண்டடி சொல்வார்கள். அம்மா கையை நீட்டிப் பார்த்து, இருபது அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். உயரமும் 28 போதும் என்றாள். வெல்டருக்கு மனசில்லை, "ரொம்பக் குட்டையாத் தெரியுமே" என்று இழுத்தார். "தெரியட்டும், நான்தானே நிக்கப்போறேன்" என்று முடித்துவிட்டாள். அடியில் மிஞ்சிய இடத்தில் உர மூட்டையும் களைக்கொத்தும் போயின. வெண்டைப் பைகள் செங்கல் மேல் தாழ்வாகவே இருக்கின்றன. காய் பறிப்பது அம்மா, களை எடுப்பது நான்.