கிலோமீட்டருக்கு 637 சுற்று

சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளை ஒட்டி எஞ்சின் மாற்றும் சிறு பட்டறைகளும் உண்டு. நான் போயிருந்த பட்டறையில், கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்றில் ஆல்ட்டோவின் எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும்) எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றியிருந்தார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால், வேகம் குறைத்து நிறுத்தப்போனால் எஞ்சின் அணைந்துவிடும். செக் லைட்டும் எரியும்.

“எஞ்சின்ல குறை இல்ல சார். வண்டி ஓடுதா நிக்குதான்னு ஈசிஎம்முக்குத் தெரியல” என்றார் மூத்த மெக்கானிக். ஸ்கேனர் காட்டியது பி0500. வேக சென்சாரின் சிக்னல் சரியில்லை என்பதற்கான குறி அது. பழைய 800-இல் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள்தான் மீட்டர் முள்ளை நகர்த்தும். கார்புரேட்டருக்கு வேகம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்மோ வேகத் துடிப்பைப் பார்த்துத்தான், நிற்கப்போகும் வண்டிக்கு ஐடிலிங்கைச் சரிசெய்கிறது.

மேசையில் பழைய சென்சார்கள் குவிந்து கிடந்தன. இரண்டு ஒயர் உள்ளவற்றை முதலிலேயே ஒதுக்கினார். அவை காந்தச்சுருள் வகை. வேகம் கூடக் கூட அவற்றின் மின்னழுத்தமும் ஏறும். இங்கே வேண்டியது ஆன்-ஆஃப் துடிப்பு. அதைத் தருவது ஹால் சென்சார்: சப்ளை, எர்த், சிக்னல் என்று மூன்று ஒயர். கியர்பாக்ஸுக்கும் கேபிளுக்கும் நடுவே முடுக்கும் வகையாக ஒன்றை எடுத்தார். பழைய மீட்டரும் ஓடவேண்டுமே! ஒயரின் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் சோதித்துவிட்டு ஈசிஎம்மோடு இணைத்தார். சென்சாரின் தண்டை விரலால் மெல்லத் திருப்ப, ஒரு சுற்றுக்கு நான்கு முறை மின்னழுத்தம் ஏறி இறங்கியது.

மரை பொருந்திவிட்டது, துடிப்பும் வந்துவிட்டது. அவர் அத்துடன் விடவில்லை. ஜப்பானிய வழிவந்த கார்களில் மீட்டர் கேபிள் கிலோமீட்டருக்கு 637 முறை சுற்றவேண்டும் என்பது பரவலான அளவு. சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் கிலோமீட்டருக்கு மொத்தம் 2,548. டயரின் அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறும். இந்தக் கியர்பாக்ஸ் ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயருக்கு ஏற்றது. வண்டியில் இருப்பதோ 145/70 ஆர்12. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மீட்டர் 63-க்கு மேல் காட்டும்.

“ஒரு பல்லு கூட இருக்கிற மீட்டர் கியர் தேடிப் பாருப்பா” என்று உதவியாளரை அனுப்பினார். பல் கூடினால் சென்சார் மெதுவாகச் சுற்றும். பையன் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றைக் கொண்டுவந்தான். அதை மாட்டி, கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். புது எஞ்சின் எண்ணுக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றவேண்டும் என்பதையும் உரிமையாளருக்கு நினைவூட்டினார்.

எஞ்சின் விலையைப் பேசி முடித்தவர்கள், சென்சார் வேலைக்கான கூலியைச் சில்லறைக் கணக்காக நினைத்துக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால், இரண்டு வெவ்வேறு வண்டிகளின் உறுப்புகளை ஒரே வண்டியாக்குவது அந்த வேலைதான். எஞ்சின் மாற்றக் கூலி பேசும்போது, மீட்டரில் தப்பும் அந்த ஐந்தாறு சதவீதத்தைச் சரிசெய்யும் உழைப்புக்கும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.