வேலை இல்லாத படிப்பு என்று நான் சொல்லிவந்த பொய்

மானிடவியல் படித்தவனுக்கு வேலை கிடைக்காது என்று பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், ஆபீஸ் கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், மேற்படிப்புக்கு யோசனை கேட்டு வந்த பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். தெரிந்தே சொன்ன பொய். அந்தப் படிப்பு எனக்குச் சம்பளம் தந்தது. செய்தே ஆகவேண்டிய ஒரு காரியத்தையும் தந்தது. சம்பளத்தை வாங்கிக்கொண்டு காரியத்தை விட்டுவிட்டேன். விட்டதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகப் படிப்பின்மேல் பழியைப் போட்டேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் படிப்பு என்றால் ஐ.டி.ஐ., டிப்ளமோ, கையில் கொஞ்சம் காசு இருந்தால் இன்ஜினீயரிங். ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, ராணுவ உடுப்பு தைக்கும் ஃபேக்டரி. மானிடவியல் எம்.ஏ. சேரப்போகிறேன் என்றதும் அப்பா ஒன்றுதான் கேட்டார்: "அதுக்கு எந்தக் கம்பெனியில ஆள் எடுக்குறான்?"

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டு, எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்து, அந்தக் கருவிகளில் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் உலகத்துக்குச் சொன்னது. 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை வந்தது. அதே ஆண்டுதான் இந்திய மானிடவியல் ஆய்வகமும் வந்தது. 1985-ல் கே.எஸ். சிங் தலைமையில் அந்த ஆய்வகம் தொடங்கிய 'இந்திய மக்கள்' திட்டம் 4,635 சமூகங்களை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பாதி புரிந்தது, மீதியை என்னை நம்பி விட்டுவிட்டார். கல்லூரிக் கட்டணம் கட்டினார்.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு நான் போனது வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. பூந்தமல்லி தாண்டி, திருமழிசையும் தாண்டி, அப்போது செங்கல் சூளைகள் இருந்த ஓர் இடம். சூளை ஓரத்தில் சில இருளர் குடும்பங்கள் தங்கியிருந்தன. முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, கழிக்க முடியாமல் தங்கிப்போனவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பாதி ராத்திரியில் எழுந்து சேறு மிதித்து, வெயில் ஏறுவதற்குள் கல் அறுத்து முடிப்பார்கள். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று என்பதை நான் தேர்வுக்குப் படித்திருந்தேன். அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஆய்வேட்டுக்குத் தகவல் சேகரித்தேன்.

நான் எழுதியது உறவுமுறை வரைபடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவர்மேல் குறுக்காக ஒரு கோடு. குடிசையிலேயே மூத்த கிழவியை எல்லோரும் ஆயா என்றார்கள். நானும் ஆயா என்றேன். அவர் சொல்லச் சொல்ல நாலு தலைமுறை என் நோட்டில் ஏறியது. எந்த வயலில் எலி வெட்டினார்கள், வளையிலிருந்து எத்தனை படி நெல் எடுத்தார்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனுக்கு யார் யார் கூடினார்கள், அங்கே யாருக்கும் யாருக்கும் பெண் பேசி முடிந்தது, எல்லாம் அந்த வரைபடத்தோடு சேர்ந்து வந்தது. அவருடைய பிள்ளைகளைக் கேட்டபோது பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "அது ரெண்டுக்கும் பேரு வைக்கல, எழுதாத" என்றார். நான் எழுதினேன். இரண்டு முக்கோணம் போட்டு இரண்டிலும் குறுக்குக் கோடு இழுத்தேன். முழுமையான வரைபடம் வேண்டுமே என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இதுவும் என் குற்றக் கணக்கில் உண்டு.

அந்த வீட்டில் பேரன் ஒருவன் பத்தாவது முடித்திருந்தான். மேலே படிக்கவும், விடுதியில் சேரவும், உதவித்தொகைக்கும் பழங்குடிச் சான்றிதழ் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அதைத் தருகிறவர் கோட்டாட்சியர். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான சரிபார்ப்பு முறையை வகுத்தது. அதில் மானிடவியல் அறிந்தவர்களுக்கும் இடம் உண்டு. குலதெய்வம், சடங்கு, கல்யாண முறை, சாவு முறை என்று விசாரிப்பார்கள். போலிகளைத் தடுக்க வந்த அந்த முறை, சூளைக்குச் சூளை நகர்ந்து வாழும் குடும்பத்துக்குப் பெரிய சுவராக நின்றது. பட்டா இல்லை, பிறப்புப் பதிவு இல்லை, ஒரே ஊரில் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை. "நீ இதெல்லாம் எழுதறியே தம்பி, இத வச்சிப் பையனுக்குப் பேப்பர் வாங்க முடியுமா?" என்று ஆயா கேட்டார். "கண்டிப்பா முடியும் ஆயா, நான் வாங்கித் தரேன்" என்றேன்.

சும்மா சொன்ன வாக்கு இல்லை. முடிந்திருக்கும். அதனால்தான் இன்றுவரை உறுத்துகிறது. அந்த நோட்டின் பக்கம் ஒன்றில், ஆயா வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் திருத்தணிப் பக்கம் இருப்பதாகவும் அவருக்குச் சான்றிதழ் இருப்பதாகவும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்பா வழி ரத்த உறவில் ஒருவரிடம் சான்றிதழ் இருந்தால் அது மிக வலுவான ஆதாரம். எழுதியபோது எனக்கு அது தெரியாது. ஆய்வேட்டைத் திருத்தியபோது என் வழிகாட்டி அந்த வரியில் விரலை வைத்து, "இந்த ஒரு வரி போதுமே, அவங்ககிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் சார் என்றேன். அந்த ஞாயிறு நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு சட்டை தைக்கக் கொடுத்தேன். பிறகு வேலையில் சேர்ந்தேன். பூந்தமல்லிக்கு என் வீட்டு வாசலிலிருந்தே பஸ் உண்டு. போகவில்லை.

கிடைத்த வேலை ஒரு நுகர்வோர் ஆய்வு நிறுவனத்தில். மானிடவியல் படித்தவர் என்பதற்காகவே எடுத்தார்கள். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் சேர்ந்ததைத் தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. 1979-ல் மானிடவியலாளர் லூசி சக்மன் ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் தடுமாறுவதைப் பொறுமையாகக் கவனித்து எழுதியதால் இயந்திரங்களை வடிவமைக்கும் முறையே மாறியது. அப்படியும் வாழலாம். நான் அப்படி வாழவில்லை.

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக எங்களை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் சில தெருக்களுக்கு அனுப்பினார்கள். தவணை ஏன் தவறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்வேன், கொடுத்த டீயைக் குடிப்பேன், கேள்வித்தாளை எடுக்கவே மாட்டேன். ஆயாவிடம் உட்கார்ந்த அதே உட்கார்வு. வாரக் கட்டுக்கான பணத்தை எந்த டப்பாவில் ஒளித்துவைக்கிறார்கள், புருஷனுக்குத் தெரியாமல் யாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள், தெருவில் யார் முகத்துக்கு யார் கூசுவார்கள் என்று எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்கள். வசூலுக்கு வருகிற ஆளுக்கு இவர்கள் பயப்படுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரி முன்னால் தலைகுனியத்தான் பயப்படுகிறார்கள், அதனால் குழுக் கூட்டத்தைத் தவணை தவறியவர் வீட்டு வாசலிலேயே நடத்தலாம் என்று அறிக்கையில் எழுதினேன். அப்படியே நடத்தினார்கள். வசூல் ஏறியது. எனக்கு இன்கிரிமென்ட் வந்தது. ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போனபோது, எனக்கு டீ போட்டுக் கொடுத்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் ஊர்மக்களைப் பற்றி ராணுவத்துக்கு எடுத்துச் சொல்ல அமெரிக்கா மானிடவியலாளர்களைச் சேர்த்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் 2007-ல் அதை ஏற்கவில்லை என்று அறிக்கை விட்டது. நம்பிப் பேசியவருக்குக் கேடு வரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வகுப்பில் அந்த விவாதம் வந்தபோது ரொம்ப ஆவேசமாகப் பேசியவன் நான்.

அதற்குப் பிறகு வார இறுதிகளில் அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தேன். ஐ.ஏ.எஸ். தேர்வில் மானிடவியல் விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் இன்ஜினீயர்கள். பழங்குடி என்று அடையாளம் காண 1965-ல் லோகூர் குழு வகுத்த ஐந்து தகுதிகளை நான் மனப்பாடமாகச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஆக, வாரத்தில் ஐந்து நாளும் மானிடவியலில் சம்பாதித்தேன், மீதி இரண்டு நாளும் மானிடவியலில் சம்பாதித்தேன். அதே நாட்களில்தான் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, "அங்கிள், எனக்கு ஆந்த்ரபாலஜி படிக்கணும்னு ஆசை, நீங்க படிச்சீங்கல்ல?" என்று கேட்டாள். "வேலை கிடைக்காதும்மா, பி.காம். சேரு" என்றேன். சேர்ந்தாள். இப்போது எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. பார்க்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறாள்.

என்னோடு படித்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவன் தேர்வு எழுதி ஆய்வகத்தின் மைசூர் மையத்தில் சேர்ந்தான். ஒருத்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். ஒருத்தி கொத்தடிமைகளை மீட்கும் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளுக்கும் சூளைகளுக்கும் அதிகாரிகளோடு போய், மீட்கப்பட்டவர்களுக்கு விடுவிப்புச் சான்று கிடைக்கும்வரை கூடவே நின்றாள். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, பல வேலைகள் தொகுப்பூதியம், திட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். அது உண்மைதான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இந்த உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கொத்தடிமைகளை மீட்கப் போன அந்தத் தோழியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் செய்ததைச் சொன்னால் நான் செய்யாதது என் கண்முன்னால் வந்து நிற்கும்.

2022-ல் முதலமைச்சர் ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து ஒரு வீட்டில் சாப்பிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் நரிக்குறவரும் குருவிக்காரரும் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். 1965-ல் லோகூர் குழுவே பரிந்துரைத்திருந்த விஷயம் அது. வகுப்பில் ஐந்து தகுதிகளைச் சொன்ன நான் இதை ஒருமுறைகூட அழுத்திச் சொன்னதில்லை. செய்தியைப் படித்த அன்று ராத்திரி பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். அந்த வருடம் மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சடங்கு சம்பிரதாய ஒற்றுமையை மட்டும் உரைகல்லாக வைத்து ஒருவர் பழங்குடியா இல்லையா என்று முடிவுகட்டக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. இனி எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

சூளை இருந்த இடத்தில் பிளாட் போட்டுவிட்டார்கள். விசாரித்து விசாரித்து ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சூளையில் அந்தப் பேரனைப் பார்த்தேன். ஆயா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவன் பதினொன்றாவது சேரவே இல்லை. கல் அறுக்கிறான். மனைவியும் அறுக்கிறாள். நான் யாரென்று சொன்னேன், என்ன வாக்குக் கொடுத்தேன், எதை மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவனுக்கு என்னை ஞாபகமே இல்லை. "நோட்டு எடுத்துக்கினு நெறைய பேரு வருவாங்க சார்" என்றான்.

வரைபடத்தைக் காட்டினேன். ஆயாவின் வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பெயர் வைக்காத இரண்டு முக்கோணங்களைக் காட்டி இது யார் என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. திருத்தணிப் பங்காளியும் இப்போது இல்லை. அவருடைய மகனிடம் அப்பாவின் சான்றிதழ் இருந்தது. தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இ-சேவை மையத்தில் பதிந்தோம். வி.ஏ.ஓ. வந்து பார்த்துவிட்டார், ஆர்.ஐ. விசாரணை பாக்கி. விண்ணப்பம் அவன் பெயரிலும் அவன் மகன் பெயரிலும் போயிருக்கிறது. மகன் பள்ளியில் படிக்கிறான். அப்பனுக்கு இனி அந்தச் சான்றிதழால் எந்த விடுதியும் திறக்கப்போவதில்லை. அது என்னால் போனது. ஆர்.ஐ. வருகிற அன்று சூளையில் கூலியை விட்டுவிட்டு நிற்க முடியாது, நீங்கள் வர முடியுமா சார் என்று போனில் கேட்டிருக்கிறான். லீவு சொல்லிவிட்டேன்.